நேர்மையானவராகத் தெரிகிறார்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் முதல் மாடியில், அறிக்கைப் பிரிவின் தலைவி ஆங்கிலத்தில் ஒரு பக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதி முடித்து, கையொப்பமிட்டு, உறையில் இட்டு ஒட்டினார். துறைமுக நகரில் புதிதாகத் திறக்கவிருந்த பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பித்திருந்த சக ஊழியர் ஒருவரைப் பற்றிய கடிதம் அது. அதில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. அந்த ஊழியருக்கு அந்த வேலை கிடைக்காமற்போனது அந்தக் கடிதத்தால்தான்.

தலைவிக்கு ஓய்வுபெற ஓராண்டு இருந்தது. கூடத்தில் அவருக்கு முன்னால் 'மேடம்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மை' என்றும் பெயர். கீழ்த்தளத்தில் பரிசோதகர்கள் குழாய் நீரையும் கிணற்று நீரையும் புட்டி புட்டியாகச் சோதித்து எழுதும் முடிவுகள், நகரசபைக்கும் மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆங்கில அறிக்கையாகப் போகும் முன் அவருடைய மேசையைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவது எளிதன்று. காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தாலும் தாள் மாடிப்படி இறங்கித் திரும்பிப் போகும். ஆனால் காற்புள்ளியைவிட அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது வேறொன்று: எழுதியவர் தமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மட்டும் உறுதி காட்டியிருக்கிறாரா என்பது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் இளநிலை ஊழியராக இருந்தபோது கூடத்திலிருந்து ஓர் அறிக்கை போயிற்று. 'இந்தக் கிணற்று நீர் அடுத்துள்ள சாயப்பட்டறையின் கழிவால் கெட்டது' என்று அதில் பட்டவர்த்தனமாக ஒரு வாக்கியம். சோதித்தது ஒரே ஒரு புட்டி. பட்டறையைப் பூட்டினார்கள், அதில் வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, புட்டியைச் சரியாகக் கழுவாமலே நீர் பிடித்திருக்கிறார்கள் என்று. பட்டறை மறுபடி திறக்கவே இல்லை. அவர் பிரிவின் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் வேலை, விதி எழுதிச் சுவரில் ஒட்டியது: அளந்ததை அளந்தபடி சொல்க; ஊகித்ததை ஊகம் என்று தெரியச் சொல்க; தெரியாததைத் தெரியாது என்று சொல்க.

ஊகம் என்ற அந்த இரண்டாம் வகைக்கு உரிய ஆங்கிலச் சொற்களுக்குக் கூடத்தார் 'குடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'இருக்கலாம்' என்னும் 'மே' ஒரு குடை. 'அநேகமாக' என்னும் 'ப்ராபப்ளி' ஒரு குடை. 'தோன்றுகிறது' என்னும் 'அப்பியர்ஸ்', 'சுட்டுகிறது' என்னும் 'ஸஜெஸ்ட்ஸ்' எல்லாமே குடைகள். எதை எப்போது விரிப்பது என்பதில் தலைவி கடுமையானவர். பின்னால் ஓர் அளவீடாவது இல்லாமல் 'ஸஜெஸ்ட்ஸ்' என்று எழுதக்கூடாது. 'மே பாஸிபிளி' என்று எழுதினால் ஒரே தலைக்கு இரண்டு குடை, அடித்துவிடுவார். மாட்டிக்கொள்ளாமல் இருக்கவென்று வாக்கியத்துக்கு வாக்கியம் குடை விரித்து, வழவழா கொழகொழா என்று எழுதி வருபவர்களுக்குத்தான் திட்டு அதிகம். "வீட்டுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்பார். கேட்பது வேடிக்கையாக இருக்கும். முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

கூடத்து வண்டி ஓட்டுநர் ஒருவர்தாம் அவரிடம் வேடிக்கை பேசத் துணிந்தவர். ஒருநாள் மாதிரிப் புட்டிகளோடு தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்று, தாளில் எழுதிய தோரணையில், "வெளியே மழை பெய்வதாகத் தோன்றுகிறது, மேடம்" என்றார். தலைவி நிமிர்ந்து பார்த்தார். "நனைஞ்சிருக்கீங்க. அளந்தாச்சு. இதுல தோணுறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தை கூடம் முழுவதும் பல காலம் வழங்கியது. சொன்னவர்தாம் மறந்துபோனார்.

பரிந்துரைக் கடிதம் கேட்டவள் முதுநிலைப் பரிசோதகி. வாயைத் திறந்தால் மூடுவது அரிது என்பதால் அவளுக்கு மைனா என்று பெயர். அவளே அந்தப் பெயரைச் சொல்லித்தான் தொலைபேசியை எடுப்பாள். பதினாறு ஆண்டுகள் கூடத்தில் இருந்தவள். பிற்பகலில் ஒரு தட்டில் இரண்டு கோப்பைத் தேநீரோடு மாடியேறி வந்து, தலைவியின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கீழ்த்தளத்துச் செய்தி அத்தனையையும் கொட்டிவிட்டுப் போவாள். தலைவி பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்த நேரத்தில் வேறு யாரையும் அறைக்குள் விடுவதும் இல்லை. கணவர் இறந்த பிறகு அவருக்கு நாளொன்றில் காதில் விழும் தாராளமான பேச்சு அது ஒன்றே.

மைனாவின் கணவர் துறைமுக நகரில் பாரந்தூக்கி இயக்குபவர். கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் வேலை. கடல் இல்லாத ஊரில் அதற்கு இடமில்லை. "என்ன பண்றது மேடம், கடலை இங்க இழுத்துட்டு வர முடியாதே" என்பாள். கல்யாணமான நாள் தொட்டு இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு. அவர் ஞாயிறன்று வந்து அன்று மாலையே பேருந்து ஏறுவார். முன்பெல்லாம் மகள் நிலையம்வரை போய்க் கையசைத்து வழியனுப்புவாள். பன்னிரண்டு வயதானதும் அதை நிறுத்திவிட்டாள். அப்பா கிளம்பும் நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். இதை மட்டும் மைனா சிரிக்காமல் சொன்னாள்.

துறைமுக நகரில் புதிய கூடம் வருகிறது, தலைமைப் பொறுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவள் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

"மேடம், தகுதியெல்லாம் எனக்கு இருக்கு. நீங்க ஒரு கடிதம் மட்டும் குடுத்தா போதும். உங்க கையெழுத்துக்கு அங்க இருக்கற மதிப்பு எனக்குத் தெரியும்."

"எழுதித் தரேன். உள்ளதைத்தான் எழுதுவேன்."

"உள்ளதை எழுதுங்க, அதுவே எனக்குத் தாராளம்" என்று சிரித்தாள் மைனா.

தலைவி அந்தக் கடிதத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் அரைமணி நேரத்தில் முடித்திருப்பார். மைனாவுக்கு என்பதால், அறிக்கைக்குக் கொடுக்கும் கவனம் முழுவதையும் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், இதை நான் அளந்தேனா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். மைனாவின் சோதனை முடிவுகள் துல்லியமானவை, அதற்கு ஆதாரம் அறை நிறைய இருக்கிறது, குடை வேண்டாம். ஒரு கூடத்தை நிர்வகிப்பாளா? அவளிடம் இதுவரை யாரும் ஒரு பிரிவைக்கூட ஒப்படைத்ததில்லை. ஆகவே, 'நிர்வகிக்கக் கூடியவராக இருக்கலாம்.' சக ஊழியர்களோடு எப்படி? கீழ்த்தளத்தில் நடப்பதெல்லாம் தலைவி கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே, 'என் அறிவுக்கு எட்டியவரை சச்சரவு எதுவும் இல்லை.' நேர்மை? ஒருவர் நெஞ்சைத் திறந்து பார்த்தவர் யார்? பேனாவைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, 'நேர்மையானவராகத் தெரிகிறார்' என்று எழுதினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு குடை. எங்கும் இரண்டாவது இல்லை. படித்துப் பார்த்தபோது நிறைவாக இருந்தது. ஒருவருக்குத் தம்மால் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது இல்லை என்றே எண்ணினார்.

ஏப்ரலில் நேர்காணல் நடந்தது. மைனா திரும்பி வந்து, தேநீரை வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நீரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். கூடத்தில் யாரோடாவது மனத்தாங்கல் உண்டா, கணக்கு வழக்கில் எப்போதாவது விளக்கம் கேட்டார்களா, இந்த ஊரை விட்டு வரவேண்டிய அவசியம் என்ன என்று சுற்றிச் சுற்றி அதையே கேட்டார்களாம். "ஏதோ திருட்டுக் கேசுல கூட்டிட்டு வந்த ஆளைப் பாக்கற மாதிரியே பாத்தாங்க மேடம்." தலைவிக்கு அவள் சார்பில் கோபம் வந்தது. கேள்வி கேட்கத் தெரியாதவர்களை எல்லாம் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்றார். மே மாதத் தொடக்கத்தில், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மைனாவுக்கு இரண்டு வரி வந்தது. அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கழுவப் போனாள். மகளிடம் எப்படிச் சொன்னாள் என்று தலைவி கேட்கவில்லை.

சில நாள் கழித்து, சாயங்காலம், தலைவியின் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. தேர்வுக் குழுவின் தலைவர். ஒரு காலத்தில் இதே கூடத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே போனவர். புதிய கூடத்தின் அறிக்கை விதிகளை வகுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பேச்சு முடியும் தறுவாயில்,

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் மேடம். நாசூக்கா எழுதியிருந்தீங்க. நாங்க புரிஞ்சுக்கிட்டோம்" என்றார்.

"என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?"

"அந்தம்மாகிட்ட ஏதோ கோளாறு இருக்குன்னு. வெளிப்படையா எழுத முடியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? 'நேர்மையானவராத் தெரியறார்'னு யாராவது காரணம் இல்லாம எழுதுவாங்களா?"

"நான் எழுதினதுக்கு அர்த்தம் எழுதினதுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்தார். "அதைத்தான் சொல்றேன். அதுக்கு மேல ஒண்ணுமே எழுதாம விட்டீங்களே, அதுலயே எல்லாம் வந்துடுச்சு."

தலைவி தொலைபேசியை வைத்துவிட்டு நின்றார். வீட்டுக் கூடத்தின் மறுகோடியில் நாத்தனார் சன்னல் திரை ஒன்றுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் தங்கை, தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு பக்கப் பேச்சைக் கேட்டே மறுபக்கத்தைச் சொல்லிவிடுவாள்.

"யார் செத்தது, அண்ணி?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

யாரும் சாகவில்லை என்று சொல்லித் தலைவி நடந்ததைச் சொன்னார். கடிதத்தின் வாக்கியங்களை அவருக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒவ்வொன்றையும் சொல்லி, அதில் பிழை எங்கே என்று கேட்டார். நாத்தனார் பிழை பார்க்கிறவள் அல்லள். அண்ணன் இருந்த காலத்தில், சாப்பாடு எப்படி என்று கேட்டால் அவர் 'நல்லாயிருக்கு' என்று எழுந்து போவார். அண்ணி மட்டும் 'உப்பு ஒரு கல் கூடுதலா இருந்திருக்கலாம்' என்பார். சமைத்தவளுக்கு அன்று முழுவதும் அந்த ஒரு கல் உப்புதான் தொண்டையில் நிற்கும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஊசியை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவ இங்கேர்ந்து போயிடக் கூடாதுன்னு நினைச்சீங்களா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலைவிக்குத் தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது. அளந்து சொல்லக்கூடிய கேள்வி அது. கேட்டது அவருடைய சொந்த நெஞ்சைப் பற்றி. அதற்கும் குடை விரித்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் கூடம் திறக்கும்போதே போய், கடிதத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவையும் எடுத்தார். பிறர் எழுதிய அறிக்கையைத் திருத்துகிறவர் போலப் படித்தார். 'நேர்மையானவராகத் தெரிகிறார்' என்ற இடத்தில் பேனா நின்றது. எழுதியவர் கீழ்த்தளத்து ஆளாக இருந்தால் என்ன கேட்டிருப்பாரோ அதைக் கேட்டார்: இதற்கு அளவீடு இல்லையா?

இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்னால், கிழக்குத் தொட்டியின் நீர் குடிக்கத் தகுந்ததா என்று நகரமே காத்திருந்தது. தகுந்தது என்று மைனாவின் சோதனை சொன்னது. அறிக்கை தட்டச்சாகி, தலைவியின் கையொப்பமும் விழுந்துவிட்டது. விடுமுறை முடிந்ததும் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த விடுமுறை நாளில் மைனா தானாக வந்து, கூடத்தைத் திறக்கச் சொல்லி, சோதனையை மறுபடி செய்திருக்கிறாள். ஏதோ ஓர் எண் அவளை உறுத்திக்கொண்டே இருந்ததாம். இம்முறை தகாது என்று வந்தது. அங்கிருந்து நேரே தலைவியின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "என் தப்பு மேடம். அறிக்கையை நிறுத்துங்க" என்றாள். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நகரசபையில் கூச்சல் போட்டார்கள்; அவளுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி மைனா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மைனாவே பேசவில்லை. அவள் வந்து நின்றபோது வாசலில் எதிரே நின்றவர் தலைவி. முகத்தைப் பார்த்தவர் தலைவி. இதற்கு மேல் எதை அளப்பது?

தலைவிக்கு அப்போதுதான் நனைந்து வந்து நின்ற ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். தொப்பலாக நனைந்து கண்ணெதிரே நின்றவளைப் பார்த்து, மழை பெய்வதாகத் தோன்றுகிறது என்றுதான் தாமும் எழுதியிருக்கிறார். ஊகத்துக்குக் குடை பிடிக்காமல் விடுவது எவ்வளவு பிழையோ, அளந்ததற்குக் குடை பிடிப்பதும் அவ்வளவு பிழை. சுவரில் இருந்த விதியின் முதல் வரியே அதுதான். மீறியவர் அதை எழுதியவர்.

மற்ற வாக்கியங்களும் அப்படித்தான். சச்சரவு இல்லை என்பது பதினாறு ஆண்டுத் தேநீர் வேளைகளில் அவருக்குத் தெரிந்திருந்தது. நிர்வாகத்தைப் பற்றிய ஒன்றுக்கு மட்டும் குடை தேவையாயிருந்தது. அங்கேகூட, அவளிடம் இதுவரை ஏன் யாரும் பொறுப்பு கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினார். தொட்டி நீரின் கதையை முழுவதும் எழுதினார். 'இவர் நேர்மையானவர்' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் மூன்றே சொல். அவருடைய கையெழுத்து அந்த இடத்தில் சற்றுக் கோணிற்று, மறுபடி எழுதவில்லை. தபாலில் போட்டால் என்றைக்குப் போய்ச் சேருமோ என்று, விடுப்பு எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் காலைப் பேருந்தில் துறைமுக நகருக்குக் கிளம்பினார். மைனாவின் கணவர் வாரந்தோறும் திரும்பிப் போகும் வழி அது. இருக்கை குறுகல், முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. வழி நெடுக, கடிதத்தைக் கொடுக்கும்போது சொல்லவேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனார்.

குழுத் தலைவரின் அறை மேல்மாடியில் இருந்தது. சன்னலுக்கு வெளியே துறைமுகம். பாரந்தூக்கிகள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றின் கூண்டில் மைனாவின் கணவர் இருந்திருக்கலாம். தலைவி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

குழுத் தலைவர் கடிதத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஏன் மேடம் முதல்லயே எழுதலை?"

"தெரிஞ்சதை மட்டும் எழுதணும்னு பாத்தேன். எனக்கு என்ன தெரியும்கறதை ஒழுங்கா பாக்கலை."

குழுத் தலைவர் வேண்டுமென்று யாரையும் வதைப்பவர் அல்லர். ஆனால் உள்ளதைச் சொன்னார். வந்த கடிதங்களில் எல்லாம் ஒவ்வொருவரும் தங்கம், வைரம். இவரைப் போல இன்னொருவர் பிறக்கவில்லை. "நாங்க அதுல பாதியைக் கழிச்சுட்டுத்தான் வாசிப்போம் மேடம். பழக்கம். உங்க கடிதத்துலயும் அப்படியே கழிச்சோம். மிச்சம் ஒண்ணும் இல்ல."

"நான் கழிச்சுட்டுத்தான் எழுதியிருந்தேன்" என்றார் தலைவி.

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வரும் வழியில் தலைவி அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றும் பயன்படவில்லை. நியமன ஆணை போய்விட்டது. தேர்வானவர் வந்து பொறுப்பேற்றும் ஆகிவிட்டது. அவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார வைக்க விதியில் இடமில்லை; அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. விதியைக் காட்டி மறுப்பவரிடம் வாதாடும் பழக்கம் தலைவிக்கு எந்நாளும் இருந்ததில்லை. எழுந்து நின்றபோது குழுத் தலைவர், அதே கூடத்தில் இரண்டாம் நிலைப் பரிசோதகர் இடம் ஒன்று காலியாக இருப்பதாகவும், மைனா இப்போது இருப்பதைவிட ஒரு படி கீழ் என்றாலும் அவள் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தலைவி தலையசைத்தார். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த நாள் பிற்பகலில் மைனா மாடிக்கு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. தாமே இறங்கிப் போனார். அவர் படியிறங்கி வருவது அபூர்வம் என்பதால் கீழே எல்லோரும் கைவேலையை நிறுத்தினார்கள். மைனா கழுவுதொட்டியருகே குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைவி அவளைச் சேமிப்பறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு அந்த வேலை கிடைக்காததுக்கு என் கடிதம்தான் காரணம்" என்றார். பூசி மெழுகவில்லை. நகலை நீட்டினார்.

மைனா கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"எனக்கு இதை வாசிக்கப் பெருமையாத்தான் இருக்கு மேடம். நீங்க 'தெரிகிறார்'னு எழுதினா அதுக்கு என்ன எடைன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க எழுத்தை வாசிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கோம்."

மைனா தாளை இறக்கினாள்.

"நான் நேர்மையானவளா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மேடம்?"

அலமாரிகளில் காலிப் புட்டிகள் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் நின்றன. தலைவி அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுதும்போது, நீங்க போயிட்டா மத்தியானத்துல என் அறை எப்படி இருக்கும்னு ஒரு தடவை நினைச்சேன். அந்த நினைப்பு கடிதத்துக்குள்ள நுழைஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியலைங்கறதுதான் உண்மை."

மைனா தாளை நான்காக மடித்தாள்.

"அதையாவது சரியா சொன்னீங்க" என்றாள். கதவைத் திறந்துகொண்டு குடுவைகளிடம் திரும்பிப் போனாள்.

இரண்டாம் நிலை இடத்தைப் பற்றித் தலைவி எழுத்தில் தெரிவித்தார். அதன் பிறகு பிற்பகல் தேநீர் மாடிக்கு வரவில்லை. மைனாவின் அறிக்கைகள் உதவியாளர் கையில் வந்தன. அவற்றில் திருத்த எதுவும் இல்லை. கீழ்த்தளத்திலும் பேச்சுச் சத்தம் குறைந்திருந்தது. மைனாவுக்குத் தொண்டையில் ஏதோ கட்டியிருப்பதாகத் தோன்றுகிறது என்று ஓட்டுநர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். தலைவி நிமிரவே இல்லை.

இறுதியில் முடிவானவை இவை. தேர்வுக் குழு தன் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யவில்லை. இரண்டாவது கடிதத்தை, நடவடிக்கை தேவையில்லை என்று குறித்துக் கோப்பில் சேர்த்தார்கள். தலைமைப் பொறுப்பு அடுத்து எப்போது காலியாகிறதோ அப்போது மைனாவின் பெயரைக் கருத வேண்டும் என்ற தலைவியின் வேண்டுகோளைப் பெற்றுக்கொண்டார்கள். உறுதி எதுவும் தரவில்லை. மைனா ஒரு படி இறங்கி இரண்டாம் நிலைப் பரிசோதகர் இடத்தை ஏற்றுக்கொண்டு, ஜூலை முதல் வாரத்தில் மகளோடு துறைமுக நகருக்குக் குடிபோனாள். புறப்படும் நாளில் மாடிக்கு வந்து, உட்காராமல், போய்வருகிறேன் என்று சொன்னாள். புதிய கூடத்துக்கு அறிக்கை விதிகளை வகுத்துத் தரும் வேலையைத் தலைவி மறுத்துவிட்டார். அளந்ததற்குக் குடை பிடிப்பதும் பிழையே என்று சுவர் விதியில் ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டார்; அது முதல் வரியிலேயே அடங்கியிருக்கிறது, தனியாகத் தேவையில்லை என்று கூடத்தின் இயக்குநர் திருப்பி அனுப்பினார். அது சரியே என்று தலைவி ஒப்புக்கொண்டு, தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டினார்.